ஊர்ப் பட்டத்தோடு கலிபோர்னியாவில் கல்லூரியில் சேர: எதை முதலில் செய்வது, எதற்குப் பணம் கட்டுவது

நான் தமிழ்நாட்டில் பி.காம். முடித்து, கல்யாணமாகி, எச்-4 வீசாவில் (எச்-1பி வேலை வீசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்குத் தருவது) கலிபோர்னியா வந்தவள். இங்கே மறுபடி படிக்கலாம் என்று முடிவெடுத்த நாளிலிருந்து முதல் வகுப்பில் போய் உட்கார்ந்த நாள் வரை பதினாறு மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் வீணாகப் போன காலம். எந்தக் காகிதத்தை முதலில் வாங்குவது, யாரிடம் எதைக் கேட்பது என்று சொல்ல ஆள் இல்லை. அதனால் ஒரே வேலையை இரண்டு முறை செய்தேன், ஒரே கட்டணத்தை இரண்டு முறை கட்டினேன். உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

இது ஏற்கெனவே இங்கே குடியிருப்பவர்களுக்கு: எச்-4, எல்-2 (அதேபோல் குடும்பத்தினருக்கான இன்னொரு வீசா), கிரீன் கார்டு. ஊரிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் வீசா வாங்கிக்கொண்டு வருகிறவர்களின் பாதை வேறு. தொகைகளும் விதிகளும் கலிபோர்னியாவுடையவை. மற்ற மாநிலங்களில் எண்கள் மாறும், செய்ய வேண்டிய வரிசை பெரிதாக மாறாது.

1. நீங்கள் இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட் இல்லை

கல்லூரி அலுவலகத்தில் போய் "இந்தியாவில் படித்தேன், இங்கே சேர வேண்டும்" என்று சொன்னால் உடனே இன்டர்நேஷனல் ஆபீஸ் பக்கம் கை காட்டுவார்கள். எனக்கும் அதுதான் நடந்தது. மாணவர் வீசாவுக்குக் கல்லூரி தரும் ஐ-20 படிவம், வங்கியில் பணம் இருப்பதைக் காட்டும் கடிதம், டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண், எஃப்-1க்கு மாறுவது எப்படி என்ற விளக்கம் என்று ஒரு கட்டுக் காகிதம் கையில் வந்தது. இரண்டு மாதம் அதை வைத்துக்கொண்டு அலைந்தேன். அதில் ஒன்றுகூட எனக்குத் தேவையில்லை.

எச்-4இல் இருப்பவர் வீசாவை மாற்றாமலே படிக்கலாம். முழுநேரமும் சரி, பகுதிநேரமும் சரி, ஐ-20 கிடையாது. எல்-2வுக்கும் அப்படித்தான். கிரீன் கார்டு இருந்தால் பேச்சே இல்லை. ஆகவே முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்: "நான் எச்-4இல் இங்கே குடியிருக்கிறேன், மாணவர் வீசா வேண்டாம், சாதாரண அட்மிஷன் வழியாகச் சேர வேண்டும்." ஆன்லைன் விண்ணப்பத்தில் குடியுரிமை பற்றிக் கேட்கும் பக்கத்தில் 'மாணவர் வீசா' என்பதைத் தொடாதீர்கள். அங்கே தவறாக ஒரு கிளிக் செய்தால் கட்டணம் முதல் கடைசித் தேதி வரை எல்லாம் வேறாகிவிடும்.

சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்கள் இல்லை என்றே குறியுங்கள். கணவருடைய எண்ணைப் போடுவது, ஏதோ ஒரு எண்ணை நிரப்புவது எல்லாம் பின்னால் பெரிய தலைவலி.

மூன்று எச்சரிக்கைகள். பி-2வில் சுற்றிப் பார்க்க வந்த தம்பி தங்கைகளை அப்படியே கல்லூரியில் சேர்க்க முடியாது. எச்-4இல் இருக்கும் பிள்ளைகளுக்கு 21 வயது ஆனால் அந்த அந்தஸ்து முடிந்துவிடும், அதற்கு முன்பே எஃப்-1க்கோ வேறு எதற்கோ மாற வேண்டும். கிரீன் கார்டு விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது "எஃப்-1க்கு மாறிவிடு" என்றால், வழக்கறிஞரைக் கேட்காமல் செய்யாதீர்கள். எஃப்-1 என்பது படித்துவிட்டு ஊர் திரும்புவேன் என்று சொல்லி வாங்குவது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்.

2. எந்தக் கதவு உங்களுக்கானது

ஊரில் ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர்கள் பலர், "இங்கே முதலிலிருந்து ஒரு இளநிலைப் பட்டம் வாங்கிவிடலாம்" என்று நினைக்கிறோம். கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள், அதாவது யூ.சி.யும் கால் ஸ்டேட்டும், இரண்டாவது இளநிலைப் பட்டத்துக்குப் பெரும்பாலும் ஆள் எடுப்பதில்லை. நர்ஸிங் மாதிரி சில படிப்புகளுக்கு மட்டும் சில வளாகங்களில் வழி உண்டு. பட்டம் இருப்பதை மறைத்து விண்ணப்பிக்கலாமா என்று என்னிடமே ஒருவர் கேட்டார். வேண்டவே வேண்டாம். படித்த எல்லா இடத்தையும் சொல்கிறேன் என்று நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். பின்னால் தெரிந்தால் சேர்க்கை ரத்தாகும்.

நடைமுறையில் இரண்டு கதவுகள். பட்டம் இருந்தால் நேராக முதுநிலை. துறை மாறுகிறீர்கள், ஆங்கிலத்தில் பழக்கம் விட்டுப்போனது, அல்லது ஒரு சான்றிதழ் படிப்பு போதும் என்றால் கம்யூனிட்டி காலேஜ், அதாவது உள்ளூர் மக்களுக்கான அரசுக் கல்லூரி. அங்கே விண்ணப்பக் கட்டணம் கிடையாது, பழைய டிரான்ஸ்கிரிப்ட் (கல்வி நிறுவனமே அனுப்பும் மதிப்பெண் பதிவு) இல்லாமலே சேரலாம், பட்டம் இருப்பதும் தடையில்லை. நான் இரண்டு செமஸ்டர் கம்யூனிட்டி காலேஜில் கணக்கியல் பாடங்கள் எடுத்தேன். அமெரிக்க மதிப்பெண்கள் கையில் இருந்தது பிறகு முதுநிலை விண்ணப்பத்தில் எவ்வளவோ உதவியது. இன்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

நர்ஸ், ஆசிரியர், கணக்காளர் என்று உரிமம் வேண்டிய வேலையை நினைத்துப் படிக்கிறீர்களா? கல்லூரிக்கு முன்பே மாநில உரிம வாரியத்தைக் கேளுங்கள். எந்த நிறுவனத்தின் மதிப்பீட்டை ஏற்பார்கள் என்று அவர்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கும்.

3. கேட்காமல் மதிப்பீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்

வெளிநாட்டுப் பட்டம் இங்கே எதற்குச் சமம் என்று அறிக்கை கொடுக்கும் தனியார் நிறுவனங்கள் உண்டு. டபிள்யூ.இ.எஸ்., இ.சி.இ. இரண்டும் நம்மவர்களுக்கு அதிகம் பழக்கமானவை. நேசஸ் என்ற சங்கத்தில் உறுப்பினராக உள்ள நிறுவனமா என்று பாருங்கள், பெரும்பாலான கல்லூரிகள் அதைத்தான் கேட்கின்றன.

அறிக்கையில் இரண்டு வகை. ஒன்று, 'இந்தப் பட்டம் இதற்குச் சமம்' என்று மட்டும் சொல்வது. இன்னொன்று, ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் (பாடத்தின் அளவு), கிரேடு, மொத்த ஜி.பி.ஏ. (கிரேடுகளின் சராசரி) எல்லாம் போட்டுத் தருவது. இதைக் 'கோர்ஸ் பை கோர்ஸ்' என்பார்கள். வேலைக்கு முதல் வகை போதும். கல்லூரிக்கு அநேகமாக இரண்டாவதுதான். விலை குறைவு என்று நான் முதல் வகையை வாங்கினேன். கல்லூரி அதை ஏற்கவில்லை. மறுபடி சுமார் 200 டாலர்.

சில பல்கலைக்கழகங்கள் வெளி அறிக்கையே கேட்பதில்லை, தாங்களே மதிப்பிட்டுக்கொள்கின்றன. ஆகவே பணம் கட்டும் முன் அட்மிஷன் ஆபீஸுக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்வி அனுப்புங்கள்: மதிப்பீட்டு அறிக்கை வேண்டுமா? எந்தெந்த நிறுவனம்? எந்த வகை? தொலைபேசியில் கேட்காதீர்கள். எழுத்தில் வந்த பதில்தான் பின்னால் கை கொடுக்கும்.

உங்கள் சதவீதத்தை நீங்களே ஜி.பி.ஏ. ஆக மாற்றி எழுதவும் வேண்டாம். நம் ஊரில் 62 சதவீதம் முதல் வகுப்பு. இங்கே பழகியவர் கண்ணுக்கு 62 என்பது தேறுவதே சந்தேகமான மாணவர். மதிப்பீட்டு நிறுவனங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும், முதல் வகுப்பை நல்ல கிரேடாகவே மாற்றித் தருவார்கள். படிவத்தில் மதிப்பெண் பட்டியலில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

4. ஊரிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வரவழைப்பது

நேரம் அதிகம் போவது இங்கேதான். உங்கள் கையில் இருக்கும் மதிப்பெண் பட்டியல் அசலாகவே இருந்தாலும், நீங்கள் ஸ்கேன் செய்து அனுப்பினால் செல்லாது. கல்வி நிறுவனமே நேரடியாக அனுப்ப வேண்டும்: ஒன்று ஆன்லைனில், இல்லையென்றால் சீல் வைத்த கவரில்.

முதலில் யார் அனுப்ப வேண்டும் என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் படித்தது தன்னாட்சிக் கல்லூரி என்றால் பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம், ஆனால் தேர்வு நடத்தி மதிப்பெண் பட்டியல் கொடுத்தது கல்லூரி. எனக்கு இது தோன்றவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் பணம் கட்டி ஆறு வாரம் காத்திருந்த பிறகு, "உங்கள் மதிப்பெண் எங்களிடம் இல்லை, கல்லூரியில் கேளுங்கள்" என்று பதில் வந்தது. உங்கள் மதிப்பெண் பட்டியலின் அடியில் யாருடைய தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். அவருடைய அலுவலகத்தைத்தான் அணுக வேண்டும்.

இப்போது பல பல்கலைக்கழகங்களில் ஆன்லைனில் விண்ணப்பிக்க முடிகிறது. முடியாத இடங்களில் ஊரில் ஒருவர் நேரில் போக வேண்டியிருக்கும். அவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டியவை:

- எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களின் நகல், இரண்டு செட். அரியர் எழுதித் தேறிய பாடங்களின் பட்டியலும் சேர்த்து
- பட்டச் சான்றிதழ் நகல். கான்வகேஷனுக்குப் போகாமல் சான்றிதழே வாங்காதவர்கள் அதற்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், ப்ரொவிஷனலை எல்லா இடத்திலும் ஏற்க மாட்டார்கள்
- உங்கள் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம், பாஸ்போர்ட் நகல்
- மதிப்பீட்டு நிறுவனம் கொடுத்த குறிப்பு எண். கவரின் மேல் அந்த எண் இல்லாவிட்டால் அங்கே போய்ச் சேர்ந்தும் உங்கள் கோப்பில் சேராது

கவரைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்காக அலைந்தவர் அப்பா. மூன்றாம் முறை போனபோதுதான் கவர் கைக்குக் கிடைத்தது. பழுப்பு நிறக் கவர், பின்பக்கம் ஒட்டிய மடிப்பின் மேல் குறுக்காக ஊதா மையில் வட்ட முத்திரை, அதன் மேல் ஒரு கையெழுத்து. வீட்டுக்கு வந்ததும், எல்லாப் பக்கமும் சரியாக இருக்கிறதா, மகளுக்கு ஒன்றும் குறைந்துவிடக் கூடாதே என்று பிரித்துப் பார்த்துவிட்டார். முத்திரை இரண்டாகக் கிழிந்தது. அந்தக் கவர் அதற்குப் பிறகு வெறும் காகிதம்தான். மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், இன்னும் ஐந்து வாரம். அப்பா இன்றும் அதைச் சொல்லி வருத்தப்படுவார். யார் வாங்கினாலும் முதலிலேயே சொல்லி வையுங்கள்: பிரிக்கக் கூடாது, அப்படியே கூரியரில் போட வேண்டும். சரிபார்க்க வேண்டுமென்றால் ஒட்டுவதற்கு முன் அந்த மேசையிலேயே பார்த்துக்கொள்ளலாம். போனதுதான் போகிறார்கள், நான்கைந்து கவர் கூடுதலாக வாங்கி வரச் சொல்லுங்கள். சில கல்லூரிகள் மதிப்பீட்டு அறிக்கையோடு தங்களுக்கும் தனியாக ஒரு சீல் வைத்த கவர் கேட்கும்.

அதே பயணத்தில் இன்னும் இரண்டு வாங்கிவிடுங்கள். ஒன்று, ஆங்கில வழியில் படித்ததற்கான சான்று. இரண்டு, நீங்கள் படித்த ஆண்டுகளின் பாடத்திட்டம். ஊரில் படித்த பாடத்தை இங்கே கிரெடிட்டாக ஏற்கச் சொல்லிக் கேட்டால் துறையில் சிலபஸ் கேட்பார்கள்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன அலகுகள், எந்தப் புத்தகம். பழைய சிலபஸ் கல்லூரி இணையதளத்தில் இருக்காது. துறையில் பழைய பேராசிரியர் யாராவது இருந்தால் அவரிடம் கேட்பதுதான் வேகமான வழி. எனக்கு இரண்டு பாடங்களுக்கு விலக்கு கிடைத்தது அப்படித்தான்.

ஒரு மாதத்தில் முடிந்தால் நல்ல நேரம். மூன்று மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே தேர்வுக் காலத்தில் அந்த அலுவலகங்களில் நம் வேலை நகராது.

5. இன்ஷியல் என்ற சிக்கல்

மதிப்பெண் பட்டியலில் இன்ஷியலோடு ஒரு பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ கணவர் பெயரோ குடும்பப் பெயராக. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க வீசாவில் முதல் பெயர் இருக்கும் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று வந்துவிடும், முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். மூன்று காகிதத்தில் மூன்று பெயர் இருந்தால் இங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அது மூன்று ஆட்கள்.

எல்லா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். 'முந்தைய பெயர்' என்று கேட்கும் இடத்தில் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரை, இன்ஷியல் உட்பட, போடுங்கள். அப்புறம், இரண்டும் நான்தான், இன்ஷியல் என் தந்தை பெயரின் முதல் எழுத்து என்று அரைப் பக்க உறுதிமொழி எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் ஒரு கையெழுத்துக்கு 15 டாலருக்கு மேல் நோட்டரி வாங்கக் கூடாது. திருமணச் சான்றிதழ் நகலையும் அதோடு சேர்த்து வையுங்கள்.

6. மூன்று ஆண்டுப் பட்டம்

பி.இ., பி.டெக். படித்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். மூன்று வருடம், இங்கே இளநிலை நான்கு வருடம். சில மதிப்பீட்டு நிறுவனங்கள் நம் பட்டத்தை 'மூன்றாண்டு இளநிலைப் படிப்பு' என்று மட்டும் எழுதிவிடும். நீங்கள் படித்த இடம் நாக் அமைப்பின் (இந்தியக் கல்வி நிறுவனங்களுக்குத் தரம் போடுவது) ஏ தரமோ அதற்கு மேலோ பெற்றதாக இருந்து, நீங்கள் முதல் அல்லது இரண்டாம் வகுப்பில் தேறியிருந்தால், டபிள்யூ.இ.எஸ். அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்குச் சமம் என்று கொடுக்கிறது. ஆனால் அறிக்கை என்ன சொன்னாலும் கடைசி முடிவு பல்கலைக்கழகத்துடையது. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் அந்தத் துறைக்கே எழுதிக் கேளுங்கள். கால் ஸ்டேட்டில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 70 டாலர். நான்கு இடத்துக்குக் கேட்காமல் போட்டால் 280 டாலர் போனதுதான். எம்.காம்., எம்.எஸ்சி. முடித்திருந்தால் அந்த மதிப்பெண்களையும் சேர்த்து மதிப்பிடச் சொல்லுங்கள்.

7. ரெசிடென்சி: பெரிய பணம் இதில்தான்

கம்யூனிட்டி காலேஜில் பாடத்தின் அளவை யூனிட்டில் கணக்கிடுவார்கள், கலிபோர்னியாவாசிக்கு ஒரு யூனிட் 46 டாலர். மூன்று யூனிட் பாடம் 138 டாலர். வெளியாள் என்று கணக்கு வைத்தால் அதே பாடம் 1,000 டாலரைத் தாண்டிவிடும்.

கலிபோர்னியாவாசி என்று ஏற்க (இதைத்தான் ரெசிடென்சி என்பார்கள்), செமஸ்டர் தொடங்குவதற்கு முன் ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், இங்கேயே இருக்கும் எண்ணத்தையும் காட்ட வேண்டும். எச்-4, எல்-2வில் இருப்பவர்களும் இதற்குத் தகுதியானவர்கள்தான். எஃப்-1இல் இருப்பவர்களால் முடியாது. இதைத் தெரியாத அலுவலர்களும் இருக்கிறார்கள், எச்-4 என்றதும் "இல்லை" என்பார்கள். மரியாதையாக, ரெசிடென்சி முடிவுகளைப் பார்க்கும் அதிகாரியிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

நம் பெண்கள் மாட்டுவது ஆதாரத்தில். வீட்டு ஒப்பந்தம் கணவர் பெயரில், கரண்ட் பில் கணவர் பெயரில், வங்கிக் கணக்கு கணவர் பெயரில். ஒன்றரை வருடம் இங்கே வாழ்ந்தும், நான் வாழ்ந்தேன் என்று காட்ட என் பெயரில் ஒரு காகிதம் இல்லை. வந்த முதல் வாரத்திலேயே ஒப்பந்தத்தில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டு வங்கிக் கணக்கு, கலிபோர்னியா ஓட்டுநர் உரிமம் அல்லது அடையாள அட்டை, ஒரு பில்லாவது உங்கள் பெயரில், இருவரும் சேர்ந்து தாக்கல் செய்த மாநில வரிப் படிவம். படிக்கும் எண்ணம் இன்று இல்லாவிட்டாலும் செய்து வையுங்கள், அந்த ஒரு வருடக் கணக்கு அன்றிலிருந்து ஓடும்.

8. உதவித்தொகை, வேலை, வரி

மத்திய அரசு உதவிக்கு நிரப்பும் ஃபாஃப்சா படிவம் எச்-4காரர்களுக்குப் பயன்படாது. கிரீன் கார்டு இருந்தால் நிரப்பலாம். ஆனால் திருப்பித் தர வேண்டாத பெல் கிராண்ட், ஏற்கெனவே இளநிலைப் பட்டம் வாங்கியவர்களுக்குக் கிடையாது. வெளிநாட்டுப் பட்டமும் அதில் சேரும். இதைத் தெரியாமல் அந்தப் பணத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். கிரீன் கார்டும் குறைந்த வருமானமும் உள்ளவர்கள் கம்யூனிட்டி காலேஜின் கட்டண விலக்குக்கு விண்ணப்பிக்கலாம்.

இ.ஏ.டி. (வேலை அனுமதி அட்டை) இல்லாத எச்-4 சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. நூலக வேலை, ஆசிரியருக்கு உதவியாளர் வேலை என்று கல்லூரிக்குள் கொடுத்தாலும் அதே விதிதான்.

கட்டிய கட்டணத்தில் ஒரு பகுதியை வரியில் திரும்ப வாங்கலாம். 'லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட்' கட்டணத்தில் 20 சதவீதம், ஆண்டுக்கு அதிகபட்சம் 2,000 டாலர். குடும்ப வருமான வரம்பு உண்டு. 2025 வரி ஆண்டு வரை சோஷியல் செக்யூரிட்டி எண்ணோ ஐடினோ (அந்த எண் இல்லாதவர்களுக்கு வரித்துறை தரும் எண்) இருந்தால் போதும், 2026 முதல் சோஷியல் செக்யூரிட்டி எண்ணே வேண்டும். கல்லூரி தரும் 1098-டி படிவத்தைப் பத்திரமாக வையுங்கள்.

9. ஆங்கிலத் தேர்வும் தடுப்பூசியும்

கம்யூனிட்டி காலேஜில் இங்கே குடியிருப்பவர்களிடம் பொதுவாக டோஃபல் கேட்பதில்லை. முதுநிலைக்குக் கேட்கலாம், ஆங்கில வழிச் சான்றைச் சில இடங்களில் ஏற்பார்கள், சில இடங்களில் மாட்டார்கள். டோஃபல் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும், அவசரப்பட்டு எழுதாதீர்கள்.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் தடுப்பூசி விவரம் கேட்பார்கள். சிறு வயதில் போட்ட அட்டை நம்மில் பலரிடம் இல்லை. தட்டம்மை போன்றவற்றுக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்து காட்டலாம், அல்லது மறுபடி போட்டுக்கொள்ளலாம். காசநோய்ப் பரிசோதனை கேட்டால் தோலில் ஊசி போட்டுப் பார்ப்பதற்குப் பதில் ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். குழந்தையில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட தழும்பு நம் எல்லார் கையிலும் இருக்கிறது. அதனால் தோல் பரிசோதனை நோய் இல்லாமலே வீங்கிக் காட்டலாம். பிறகு எக்ஸ்ரே, இன்னொரு மருத்துவர் என்று நீளும்.

10. பதிவு செய்யும் வாரம்

ஆகஸ்டில் தொடங்கும் செமஸ்டருக்கு முந்தைய செப்டம்பரிலேயே ஊர் வேலையை ஆரம்பியுங்கள். கம்யூனிட்டி காலேஜுக்கு மட்டும் என்றால் இரண்டு மாதம் போதும்.

உங்களுக்கென்று ஒரு பதிவு நாளும் நேரமும் கொடுப்பார்கள். அந்த நிமிடத்தில் கணினி முன் இருங்கள், மாலை வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பிவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்து, முதல் நாள் வகுப்புக்கு நேரில் போங்கள். வராதவர்கள் இடத்தை ஆசிரியர் உங்களுக்குக் கொடுத்து ஒரு ஆட் கோட் (வகுப்பில் சேர்வதற்கான குறியீடு) தருவார், அதைக் கடைசித் தேதிக்குள் கணினியில் போட வேண்டும். பாட அட்டவணையில் 'இசட்.டி.சி.' என்று குறி இருந்தால் அந்தப் பாடத்துக்குப் புத்தகச் செலவு கிடையாது.

கட்டணத்தைத் தவணைத் தேதிக்குள் கட்டாவிட்டால் பல கல்லூரிகளில் வகுப்பிலிருந்து தானாக நீக்கிவிடுவார்கள். வகுப்பு ஒத்துவரவில்லை என்றால் சும்மா போகாமல் நின்றுவிடாதீர்கள், எஃப் விழும். முதல் இரண்டு வாரத்துக்குள் பணம் திரும்பி வரும் 'டிராப்' தேதி ஒன்று இருக்கும். முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் அதை நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.